எலிகள் போட்ட சோற்றுக் கணக்கு

கொடைக்கானல் போனா டபுள் பீன்ஸ் வாங்காம நான் திரும்புறதில்ல. போன தடவை மலை இறங்கும்போது நினைப்பு குன்னூருக்குப் போயிடுச்சு.

1920-களில் அங்கே ராபர்ட் மெக்கரிசன் ஒரே இன எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இந்தியாவின் ஒரு பகுதி உணவைக் கொடுத்தார். சப்பாத்தி, பால், பருப்பு தின்ற 'சீக்கிய' எலிகளின் சராசரி எடை 235 கிராம். தீட்டிய அரிசிச் சோறு தின்ற 'மெட்ராஸ்' எலிகள் 155 கிராம்தான்! சில இனங்களுக்கே போர்க்குணம் உண்டு என ஆங்கிலேயர் நம்பிய காலம் அது. எலிகளுக்கோ ரத்தம் ஒன்றுதான், மாறியது தட்டு.

இதில் வைட்டமின்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் புரதத்துக்கென்று தனிப் பசியே இருக்கிறது. 2005-ல் சிம்ப்சனும் ராபன்ஹைமரும் சொன்ன கருதுகோள் இது: உணவில் புரத விகிதம் குறைந்தால், அந்தக் குறையை ஈடுகட்ட அதிகமாகச் சாப்பிடுவோம். புரதம் குறைந்தால் கல்லீரல் எஃப்ஜிஎஃப்21 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அந்தச் செய்தி மூளைக்குப் போகாதபடி தடுத்த சுண்டெலிகள், புரதக் குறைவுக்கு ஏற்ப உண்பதை மாற்றிக்கொள்ளவில்லை.

வீட்டில் யாராவது மூணாவது தடவை ரசம் சோறு கேட்டா, "வாயைக் கட்டு"ன்னு சொல்றோம். முதல்ல தட்டுல பருப்பு எவ்வளவு இருக்குன்னு பார்த்திருக்கணும், இல்லையா?