போர்க்காலப் பயிற்சியும் ‘போர்க்குடி’க் கற்பிதமும்

மதுரையின் வெளி வீதிகள், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்ட கோட்டை மதிலின் தடத்தில் அமைந்தவை. அம்மதிலைக் காத்து நின்றுதான் 1763–64இல் யூசுப்கானின் படை கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்தது. கம்பெனியின் சிப்பாய்களுக்குத் தளபதியாக இருந்தவர் அவர். அங்குக் கற்ற ஐரோப்பியக் காலாட்படைப் பயிற்சியைக் கொண்டே கம்பெனியுடன் மோதினார். 1763 இறுதியில் முதல் முற்றுகை கைவிடப்பட்டது. 1764 ஜூனில் நடந்த பெருந்தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. பின்னர் உணவு வரும் வழிகள் அடைக்கப்பட்டன. அக்டோபரில் உடனிருந்தோரே அவரைப் பிடித்துக் கொடுத்தனர். 15ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். பசியும் துரோகமும் வீழ்த்திய கோட்டையே தவிர, நேரடித் தாக்குதலில் விழுந்த கோட்டை அன்று.

அக்காலத்துக் காலாட்பயிற்சி என்பது வரிசை குலையாமல் நிற்பது, ஆணைக்கேற்ப மருந்து கெட்டித்து ஒருசேரச் சுடுவது, அருகிலிருப்பவன் விழுந்தாலும் அந்த இடத்தை நிரப்புவது. திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் பழக்கம் இது, குலத்தால் வருவதன்று. பிரெஞ்சுத் தாக்குதலை எதிர்நோக்கி 1758இல் கம்பெனி தன் சிப்பாய்களைப் பட்டாளங்களாக ஒழுங்கமைத்தது. அவ்வாறு வளர்ந்த சென்னைப் படையில் பறையர்களும் கணிசமாகச் சேர்ந்தனர்.

1885 முதல் 1893 வரை இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், நீண்ட அமைதி தென்னகத்தாரின் போர்க்குணத்தை மழுங்கடித்துவிட்டதாக வாதிட்டார். அமைதியால் அழியக்கூடியது எனில் அது இரத்தத்தில் ஊறிய குணமாக எப்படி இருக்கும்? இக்கேள்வியை அவரது தரப்பு எதிர்கொள்ளவில்லை. தென்னகக் காலாட்படை சுருக்கப்பட்டது. பறையர்கள் பெரும்பாலும் சாப்பர், பயோனியர் பிரிவுகளில் எஞ்சினர். அங்கே துப்பாக்கியோடு மண்வெட்டியும் தரப்பட்டது. 1890களில் மகார்களின் சேர்க்கையும் நிறுத்தப்பட்டது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதாராகவும் இராணுவப் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். இழந்தது சீருடை மட்டுமன்று; கல்வியும் ஓய்வூதியமும்தான்.

முதல் உலகப்போர் ஆள் கேட்டபோது கதவு திறந்தது. போர் முடிந்ததும், சிக்கனம் என்ற பெயரில், சென்னைக் காலாட்படைப் பட்டாளங்கள் 1928க்குள் கலைக்கப்பட்டன; பயோனியர்கள் 1933இல். இரண்டாம் உலகப்போரில் மீண்டும் அதே அழைப்பு. மெட்ராஸ் ரெஜிமெண்ட் புத்துயிர் பெற்றது. 1941இல் மகார் ரெஜிமெண்ட் உருவாயிற்று, அது நிலைத்தது. 1943இல் திரட்டப்பட்ட சமார் ரெஜிமெண்ட் பர்மாப் போர்முனை வரை சென்றது. 1946இல் அது கலைக்கப்பட்டது. அதை மீட்டமைக்கும் கோரிக்கை இன்றும் எழுப்பப்படுகிறது.