சிங்கப்பூர் வரலாற்றின் தொடக்கம்

சிங்கப்பூர் என்னும் தீவு நகரநாட்டின் வரலாறு, அங்குச் செல்லும் பயணிகளுக்கு 1819இல் இராஃபிள்ஸ் வந்திறங்கியதிலிருந்தே நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. ஆயின், அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அத்தீவில் மக்கள் வாழ்ந்த துறைநகர் ஒன்று இருந்தமைக்குச் சான்றுகள் உள. 1365இல் இயற்றப்பெற்ற சாவக மொழி நூலான நகரகிருதாகமம் அதனைத் 'துமாசிக்' எனக் குறிக்கிறது. ஃபோர்ட் கேனிங் குன்றில் 1984இல் தொடங்கிய அகழாய்வு, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் கலங்களின் சிதைவுகளை வெளிக்கொணர்ந்தது.

மலாய் நூலான செஜாரா மெலாயு, நகரை நிறுவியவனாகச் சங் நீல உத்தமனைக் கூறுகிறது. அவன் முன்னோர் கதையில் 'இராசா சூலன்' என்னும் மன்னனையும் சேர்க்கிறது. 1025ஐ ஒட்டி நிகழ்ந்த இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பின் நினைவே இக்கதையில் எஞ்சியுள்ளது என்பது அறிஞர் சிலரின் கருத்து.

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற பழங்கல்வெட்டை ஆங்கிலேயர் 1843இல் வெடிவைத்துத் தகர்த்தனர். எஞ்சிய துண்டொன்று அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது; அதன் வாசகம் இன்னும் படித்தறியப்படவில்லை. ஒரு நகரத்தின் முதன்மைச் சான்று இவ்வாறு அழிந்தமையும், வரலாற்றை 1819இலிருந்து தொடங்க ஏதுவாயிற்று எனலாம்.

தமிழர் குடியேற்றமும் அவ்வாண்டிலேயே தெளிவாகப் பதிவு பெறுகிறது. இராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, 1827இல் மாரியம்மன் கோயிலை நிறுவினார். 1965இல் தனிநாடான சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று. அக்கோயிலைக் காணும் தமிழ்ப் பயணி அக்கல் துண்டையும் காணுதல் வேண்டும். 1819ஐ ஆங்கிலேயர் வணிகத் துறையின் தொடக்கமாகக் கொள்ளலாமேயன்றி, நகரின் தொடக்கமாகக் கொள்ளுதல் பொருந்தாது.