வேகம் கூடினால் பிரேக் என்ன செய்யும்?

காரின் எஞ்சினைப் பற்றிப் பேசப் பலர் முன்வருவார்கள். பிரேக்கைப் பற்றிக் கேட்டால், ‘மிதித்தால் நிற்க வேண்டும், அவ்வளவுதானே!’ என்பார்கள். இயற்பியல் நம்மை அவ்வளவு எளிதில் விடுவதில்லை. ஓடும் கார் நிற்கும்போது அதன் இயக்க ஆற்றல் மறைந்து போவதில்லை, வெப்பமாக மாறுகிறது. இந்த ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும்.

1,000 கிலோகிராம் எடையுள்ள காரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 386 கிலோ ஜூல். 240 கி.மீ. வேகத்தில் அதுவே 2,222 கிலோ ஜூல். 30 டிகிரி செல்சியசில் இருக்கும் ஏழரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதும். அடுப்பு நெடுநேரம் எடுத்துச் செய்யும் வேலை, சக்கரங்களுக்குள் சில விநாடிகளில் நடந்தாக வேண்டும்!

பழைய கார்களில் இந்த வேலையைச் செய்தது டிரம் பிரேக். சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்பு உருளைக்குள் பிறை வடிவ ‘ஷூ’ இரண்டு இருக்கும். மிதிக்கும்போது அவை விரிந்து உருளையின் உட்சுவரில் உராயும். இதில் ஒரு தந்திரமும் உண்டு. முன்னோக்கி அமைந்த ஷூவைச் சுழலும் உருளையே தன் பக்கம் இழுத்து மேலும் அழுத்திவிடும். ஆகவே, குறைந்த கால்விசையில் நல்ல தடை கிடைக்கும்.

ஆனால், இந்த உதவியே பின்னர் வினையாகிறது. அடிக்கடி மிதித்தால் லைனிங் சூடேறி உராய்வுக் கெழு குறையும். உராய்வு சிறிது குறைந்தாலும், அதை நம்பியிருந்த இழுப்பும் சேர்ந்து குறைவதால் தடை பெரிதும் சரியும். உருளையோ வெப்பத்தால் விரிந்து ஷூவை விட்டு விலகும்; மிதி மேலும் கீழே போகும். காற்றுப் படாத மூடிய அறையாதலால் ஆறவும் நேரமாகும். மலைச் சாலையில் இறங்கும் லாரி ஓட்டுநர் தாழ்ந்த கியரைப் போட்டுக்கொள்வது ஏன் என்பது இப்போது விளங்கும்.

இதற்கு மாற்று வழி மிகப் பழையது. இங்கிலாந்தின் பிர்மிங்காமில் கார்கள் செய்துவந்த பிரெடரிக் லான்செஸ்டர் 1902-ல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் இடுக்கிபோல் பிடிப்பது அவர் கருத்து. கருத்து சரி, பொருள்தான் கைகொடுக்கவில்லை. அவர் பயன்படுத்திய செம்பு லைனிங் உலோகத் தட்டில் உராய்ந்து காதைத் துளைக்கும் ஓசை எழுப்பியது. விரைவில் தேய்ந்தும் போனது. சில ஆண்டுகளில் ஹெர்பர்ட் புரூட் என்பவர் கல்நார் கலந்த லைனிங்கைக் கொண்டுவந்தார். சூடு தாங்கும் அந்தப் பொருள் பல பத்தாண்டுகள் உலகெங்கும் பிரேக்குகளில் இடம்பெற்றது. அதன் தூசு நுரையீரலில் புற்றுநோய் விளைவிப்பது பின்னரே தெளிவாயிற்று. பழைய காரின் டிரம்மைக் கழற்றுபவர் அந்தத் தூசை வாயால் ஊதிவிடக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

டிஸ்க் பிரேக் கார்களில் நிலைபெற அரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்கு முன் விமானங்களில் அது பழக்கமாகியிருந்தது. விமானங்களுக்கு டிஸ்க் பிரேக் செய்துவந்த டன்லப் நிறுவனமும் ஜாகுவார் நிறுவனமும் சேர்ந்து 1950-களின் தொடக்கத்தில் அதைப் பந்தயக் காருக்கு ஏற்றவாறு உருவாக்கின. 1953-ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவாரில் வென்றார்கள். அந்தப் பந்தயத்தில் வென்றவரின் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதன்முறை. நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் மற்றவர்கள் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க, ஜாகுவார் ஓட்டுநர்கள் இன்னும் சிறிது தூரம் முழு வேகத்தில் சென்று பின்னர் மிதித்தார்கள். இரவும் பகலும் அப்படி மிதிக்க முடிந்ததே முக்கியம்.

1955 ஜூன் 11 அன்று அதே லெ மானில் எண்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த கோர விபத்து நடந்தது. ஜாகுவார் ஒன்று நிறுத்துமிடத்தை நோக்கி வேகம் குறைத்தது. பின்னால் வந்த ஆஸ்டின் ஹீலி விலகியது. அதன்மீது மோதிய மெர்சிடிஸ் பார்வையாளர் கூட்டத்தை நோக்கிப் பறந்தது. மெர்சிடிசில் இருந்தவை டிரம் பிரேக்குகளும், காற்றுத் தடைக்காகப் பின்புறம் உயரும் பலகையும். பிரேக்குகளின் வேறுபாடே காரணம் என்று கூறுவோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. குறுகிய பாதையும், பார்வையாளர்களுக்குப் போதிய பாதுகாப்பின்மையும் அதைவிடப் பெரிய காரணங்கள். ஆனால், வெவ்வேறு தொலைவில் நிற்கும் கார்கள் ஒரே பாதையில் நெருங்கி ஓடுவது ஆபத்து என்பதில் ஐயமில்லை.

இனி, மாற்றியமைத்த கார்களுக்கு வருவோம். 1959-ல் வெளிவந்த மினி 34 குதிரைத் திறன் கொண்ட குடும்பக் கார். பந்தயக் கார் செய்யும் ஜான் கூப்பரின் முயற்சியால் 1961-ல் அதன் திறன் 55 ஆக உயர்ந்தது. உச்ச வேகம் ஏறத்தாழ 116 கி.மீ. இலிருந்து 137 கி.மீ. ஆயிற்று. வேகத்தில் கூடியது 18 சதவீதம். ஆனால் ஆற்றலில் கூடியது 40 சதவீதம். ஆகவே முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் வைத்தார்கள். சக்கரமே 10 அங்குலம்; அதற்குள் அடங்கத் தட்டு 7 அங்குலமே இருக்க முடிந்தது. இவ்வளவு சிறிய தட்டு வெப்பத்தை எவ்வளவு தாங்கும்? 1963-ல் 70 குதிரைத் திறனுடன் கூப்பர் எஸ் வந்தபோது, தட்டை ஏழரை அங்குலமாக்கித் தடிமனையும் கூட்டினார்கள். டிஸ்க்கில் தானாக இழுக்கும் தந்திரம் இல்லாததால் கால்விசைக்குத் துணையாக ‘சர்வோ’வும் சேர்ந்தது.

இன்றும் பழைய காரின் எஞ்சினை மாற்றுவோர் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் பொருத்துகிறார்கள். நிறுத்தும் தூரம் பாதியாகிவிடும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. இருக்கும் பிரேக்கே சக்கரத்தைச் சுழலாமல் பூட்டிவிடும் வலிமை பெற்றிருந்தால், ஒரு தடவை நிறுத்துவதில் பெரிய வேறுபாடு வராது; எல்லை டயரின் பிடிப்பு. பத்தாவது தடவை மிதிக்கும்போதுதான் டிஸ்க்கின் சிறப்பு தெரியும்.

சில பொறிகளும் உள்ளன. சர்வோவுக்கு வேண்டிய வெற்றிடம் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயிலிருந்து வருகிறது; பந்தயத்துக்கென மாற்றிய எஞ்சினில் அந்த வெற்றிடம் குறைந்துவிடும். டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டரில், குழாயில் சிறிது அழுத்தத்தை எப்போதும் தக்கவைக்கும் வால்வு இருப்பதுண்டு. அதை எடுக்காமல் டிஸ்க்கை இணைத்தால், காலை எடுத்த பின்னும் பேட் தட்டைத் தொட்டபடியே இருக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. புதிதில் 205 டிகிரிக்கு மேல் கொதிக்கும் வகை, ஈரமேறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். ஆவி அமுங்குமாதலால் மிதி தரையைத் தொடும், கார் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாவற்றிலும் கொடியது பின் சக்கரங்களுக்கு அளவுக்கு மீறிய பிரேக் வைப்பது. மிதித்ததும் எடை முன்னே சாய்வதால் பின் டயர்களின் பிடிப்பு குறைகிறது. அவை முதலில் பூட்டிக்கொண்டால் கார் தட்டாமாலை சுற்றிவிடும். இதற்காகவே மினியில் பின் சக்கரங்களுக்குச் செல்லும் அழுத்தத்தை ஓர் அளவோடு நிறுத்தும் வால்வை வைத்திருந்தார்கள்.