நெடுஞ்செழியன் (சிலப்பதிகாரப் பாத்திரம்)

நெடுஞ்செழியன், இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொல்ல ஆணையிட்டு, அது பிழை என்று தெரிந்த அக்கணமே அரியணையில் விழுந்து உயிர்விட்ட பாண்டிய மன்னன். தமிழ் இலக்கியத்தில் குற்றவுணர்வால் இறந்த பாத்திரங்களைப் பற்றிய எந்தப் பேச்சும் இவனிடமிருந்துதான் தொடங்கும். நூலின் 30 காதைகளில் இவன் நேராக வந்து பேசுபவை இரண்டே: 16-ஆவதான கொலைக்களக் காதை, 20-ஆவதான வழக்குரை காதை. இரண்டிலும் சேர்த்து அவன் பேசும் அடிகள் மிகக் குறைவு.

காதைகளுக்குள் இவன் பெரும்பாலும் தென்னவன், செழியன், பாண்டியன் என்றே குறிக்கப்படுகிறான். ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்று அடையாளம் காட்டுவது மதுரைக் காண்டத்தின் இறுதியில் உள்ள கட்டுரைப் பகுதி. அதே அடைமொழி கொண்ட பாண்டியன் பாடியதாகப் புறநானூற்றில் 183-ஆம் பாடல் உள்ளது. கல்வியின் சிறப்பைச் சொல்லும் பாடல் அது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் வேறு அரசன். காப்பியத்தின் காலத்தை அறிஞர்கள் கி.பி. 2-ஆம் நூற்றாண்டிலிருந்து 6-ஆம் நூற்றாண்டு வரை பலவாறு கணிப்பதால், பாத்திரத்துக்கும் வரலாற்று மன்னனுக்கும் உள்ள உறவை இறுக்கிப் பிடிக்காமல் இருப்பதே நல்லது.

பிழை நேர்ந்த இடம்

நெடுஞ்செழியன் கொடியவனாக அறிமுகமாவதில்லை. ஆடல் மகளிரின் கூத்தில் மன்னன் மனம் லயித்ததைக் கண்ட கோப்பெருந்தேவி, தலைவலி என்று சொல்லி ஊடலோடு எழுந்து போகிறாள். அவளைச் சமாதானப்படுத்த அமைச்சர் குழுவை விட்டு அந்தப்புரம் நோக்கி நடக்கிறான் அரசன். அந்த வாயிலில்தான் பொற்கொல்லன் அவன் காலில் விழுகிறான். தேவியின் சிலம்பைத் திருடியவன் அந்தப் பொற்கொல்லனே. விற்க வந்த கோவலனிடம் அதைப் போன்ற இன்னொரு சிலம்பை, அவன் மனைவி கண்ணகியின் சிலம்பை, பார்த்ததும், தன் களவை அவன்மேல் ஏற்றிவிட வழி கிடைத்துவிட்டது. கள்வன் என் குடிலில் இருக்கிறான் என்கிறான்.

அரசன் யாரையும் விசாரிக்கவில்லை. காவலரைக் கூப்பிட்டு, தேவியின் சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவரச் சொல்கிறான். ஆணையில் ஒரு நிபந்தனை இருப்பதைக் கவனிக்க வேண்டும். கையில் இருப்பது தேவியின் சிலம்புதானா என்று பார்ப்பது நீதிபதியின் வேலை. அதைக் காவலரிடம் விட்டுவிட்டு அரசன் உள்ளே போய்விடுகிறான். பாண்டியன் அவையில் அறங்கூறும் அந்தணர் இருந்தார்கள், காவிதிப் பட்டம் பெற்றோர் இருந்தார்கள், மந்திரக் கணக்கர் இருந்தார்கள். அழற்படு காதை அவர்களை வரிசையாகப் பெயர் சொல்கிறது. கோவலன் வழக்கு அவர்களில் ஒருவர் முன்பும் வரவில்லை.

காவலருக்கே சந்தேகம் வருகிறது. இவன் முகத்தில் கள்ளக் குறி இல்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் மந்திரம், மருந்து, நிமித்தம் என்று கள்வர்க்குத் துணையாகும் எட்டையும் அடுக்கி அவர்கள் வாயை அடைக்கிறான். பேச்சு முடியுமுன்பே, அறிவற்ற ஒரு குடிகாரன் வாளை வீசிவிடுகிறான். அரசன் அரண்மனையில் செய்திருக்க வேண்டிய விசாரணை, இப்படி அரைகுறையாக, கொலைக்களத்தில் நடந்து முடிகிறது.

வழக்குரை காதை

கொலையுண்ட கணவனுக்காக நீதி கேட்டு அவைக்கு வந்த கண்ணகி தன் ஊரை அறிமுகப்படுத்தும்போதே ஓர் அளவுகோலை நீட்டுகிறாள். புகார், புறாவுக்காகத் தன் உடலைக் கொடுத்தவனின் ஊர். பசுவின் கண்ணீருக்காகத் தன் மகன்மேல் தேர்ச்சக்கரத்தை ஓட்டியவனின் ஊர். இரண்டுமே அரசன் தன் உடலையோ தன் குருதியையோ விலையாகக் கொடுத்த கதைகள். அவள் இவற்றைத் தேர்ந்தெடுத்துச் சொன்னது தற்செயல் என்று நம்புவதற்கில்லை.

அரசனின் முதல் பதில் சட்டம்: கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் சொன்னதும், அவன் மழுப்பவில்லை. எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான். சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள் முன் வைப்பவனும் அவனே. தன்னை வீழ்த்தப்போகும் சான்றைத் தன் கையாலேயே வரவழைக்கும் இந்த நேர்மையை உரைகாரர்களும் மேடைப் பேச்சாளர்களும் போதிய அளவு பாராட்டியதில்லை. அவள் சிலம்பை உடைக்கிறாள். மணி அரசனின் முகத்தருகே தெறிக்கிறது.

பிறகு நடப்பது மிகச் சில அடிகளில் முடிந்துவிடுகிறது. குடை சாய்கிறது, கோல் தளர்கிறது, பொற்கொல்லன் பேச்சைக் கேட்ட தானே கள்வன் என்று சொல்லி, தன் ஆயுளை முடிந்துபோகச் சொல்லி, மன்னன் விழுகிறான். தாஸ்தயெவ்ஸ்கியின் நாவலில் வரும் மாணவன் ரஸ்கோல்னிகோவின் குற்றவுணர்வைப் பல நூறு பக்கங்களில் பின்தொடர்ந்து பழகிய இன்றைய வாசகருக்கு இந்த வேகம் திடுக்கிட வைக்கும். அந்த மாணவன் குற்றத்தைத் தெரிந்தே செய்கிறான், அது குற்றம் என்று ஏற்கத்தான் அவனுக்கு நாளாகிறது. பாண்டியனுக்கு அறிவதும் ஏற்பதும் இறப்பதும் ஒரே மூச்சு. கோப்பெருந்தேவியும் கணவன் காலடியைத் தொழுது விழுகிறாள். அவர்கள் அரியணையிலேயே இறந்துகிடப்பது தெரியாமல், அவையினர் வரைந்த சித்திரம் போலப் பேச்சற்று உட்கார்ந்திருந்தார்கள் என்கிறது அழற்படு காதை.

அவன் எடுத்துக்கொள்ளாத சமாதானங்கள்

இந்தப் பாத்திரத்தின் தனித்தன்மை, தப்பிக்க வழிகள் இருந்தும் அவன் அவற்றைத் தொடாததில் இருக்கிறது. சட்டத்தை ஒருமுறை சொன்னான், சான்று உடைந்ததும் அதை விட்டுவிட்டான். பொற்கொல்லன் ஏமாற்றினான் என்பது உண்மை. அரசனோ ஏமாற்றியவனைப் பழிக்காமல், அந்தச் சொல்லைக் கேட்ட தன் காதைப் பழிக்கிறான்.

மூன்றாவது வழி ஊழ். கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் பாண்டியனுக்காக வாதாடுகிறது. அவன் செவி மறையொலியைக் கேட்டதுண்டு, குறைவேண்டி அடிக்கும் ஆராய்ச்சி மணியின் ஓசையைக் கேட்டதில்லை என்கிறது. தவறிழைத்த தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட பொற்கைப் பாண்டியனும், அதிகாரிகள் அநியாயமாகச் சிறையிட்ட வார்த்திகனிடம் மன்னிப்புக் கேட்ட மன்னனும் பிறந்த குடி இது என்று நினைவூட்டுகிறது. கடைசியில் முற்பிறப்புக் கதை வருகிறது: பரதன் என்ற பெயரில் பிறந்திருந்த கோவலன், சிங்கபுரத்தில் சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான், சங்கமன் மனைவி நீலியின் சாபம் இப்போது பலித்தது.

அப்படியானால் அரசன் வெறும் கருவியா? நூலின் பதிகம், அரசியலில் பிழைத்தவனுக்கு அறமே எமனாகும் என்பதையும் ஊழ்வினை விடாது என்பதையும் சேர்த்தே முன்வைக்கிறது. இரண்டும் உரசிக்கொள்வது உண்மைதான், ஆனால் காட்சிகளின் வரிசையைப் பார்த்தால் இளங்கோவின் சாய்வு புரிகிறது. ஊழின் கணக்கு மன்னன் இறந்த பின்பே, அவன் காதில் விழாத இடத்தில் சொல்லப்படுகிறது. உயிரோடு இருந்தவரை அவன் முன் இருந்தது தன் பிழை மட்டும். காட்சிக் காதையில் இந்தச் செய்தியைக் கேட்கும் சேரன் செங்குட்டுவனும், வளைந்த கோலைப் பாண்டியன் தன் உயிர் கொடுத்து நிமிர்த்தினான் என்றே தீர்ப்பளிக்கிறான். வாழ்த்துக் காதையில் தெய்வமாகிவிட்ட கண்ணகியோ, தென்னவன் தீதற்றவன், நான் அவன் மகள் என்று சொல்லிவிடுகிறாள்.

பிற வடிவங்கள்

ஒருமுலை அறுத்த திருமாவுண்ணி என்ற பெண்ணைக் குறிப்பிடும் நற்றிணை 216-இல் பாண்டியன் பேச்சே இல்லை. கோவலன் கதை என்னும் நாட்டார் பாடலில் கண்ணகி பாண்டியனுக்கே மகளாகப் பிறந்து பெட்டியில் வைத்து நீரில் விடப்படுகிறாள். இலங்கையின் சிங்களப் பத்தினி வழிபாட்டுக் கதைகளில் பாண்டிய அரசன் மூன்றாம் கண் உடைய கொடுங்கோலன். மாங்கனி ஒன்று அம்பெய்து வீழ்த்தப்படும்போது அந்தக் கண்ணை இழக்கிறான். கணநாத் ஒபயசேகர 1984-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இவற்றை விரிவாகப் பேசுகிறது. இவற்றோடு வைத்துப் பார்க்கும்போது, மனம் உடைந்து சாகும் பாண்டியன் இளங்கோவின் கைவண்ணம் என்றே தோன்றுகிறது. கண்ணகி (1942), பூம்புகார் (1964) ஆகிய திரைப்படங்களில் வழக்குரைக் காட்சி கண்ணகியின் வசனத்துக்கான இடமாயிற்று. அரசனுக்கு மிஞ்சியது விழுவதற்கான தருணம் மட்டுமே.

இறந்த பின்

அவனுக்குப் பின் பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது, வறுமையும் நோயும் பரவின என்கிறது நூலின் தொடக்கத்தில் உள்ள உரைபெறு கட்டுரை. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலி கொடுத்து விழா எடுத்தான். நீர்ப்படைக் காதையும் இதை உறுதி செய்கிறது. ஒரு பொற்கொல்லனைக்கூடப் பழிக்காமல் நெடுஞ்செழியன் தன்மேல் ஏற்றுக்கொண்ட குற்றத்தை, அவன் இடத்துக்கு வந்தவன் ஒரு தொழில் செய்த மக்கள் அனைவர் மேலும் இறக்கி வைத்தான். மழை பெய்தது என்று காப்பியம் சொல்கிறது. ஆனால் அந்த ஆயிரம் பேருக்காக எந்தக் குடையும் சாயவில்லை. இளங்கோவும் அவர்களைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.