டப்ளினில் தற்காலிக வேலை

என் தங்கையின் பேத்தி டாக்டர் பட்டம் வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை. போன மாதம் போன் செய்தாள். "தாத்தா, அயர்லாந்துல கார்க் பல்கலைக்கழகத்துல வேலை கிடைச்சிருக்கு."

"பர்மனென்ட்டா?" என்றேன்.

"இல்ல தாத்தா, ரெண்டு வருஷம். போஸ்ட்டாக்."

"டாக்டர் பட்டம் வாங்கியும் டெம்பரரியா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவள் குரல் இறங்கிவிட்டது. முப்பத்தாறு வருடம் அரசு அலுவலகத்தில் ஃபைல் கட்டியவன் நான். 'தற்காலிகம்' என்ற சொல்லே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அந்த உறுத்தலில்தான் அயர்லாந்தின் பழைய கதையைத் தேடிப் படித்தேன்.

1940. ஐரோப்பாவில் யுத்தம். அயர்லாந்து நடுநிலை நாடு. அன்று ஏழை நாடும்கூட. பிரதமர் டி வலேரா முன்பு கணக்கு வாத்தியாராக இருந்தவர். அந்த வருடம் சட்டம் இயற்றி, டப்ளினில் ஓர் உயராய்வு நிலையம் தொடங்கினார். முதலில் இரண்டே பிரிவுகள்: கெல்டிக் மொழி ஆய்வு, கோட்பாட்டு இயற்பியல். இயற்பியல் என்றாலும் விலை உயர்ந்த கருவிகள் வேண்டாம். கரும்பலகையும் புத்தகங்களும் போதும். நாஜிகள் வேலையிலிருந்து நீக்கிய ஷ்ரோடிங்கர் 1939ல் டப்ளின் வந்து, 1956 வரை அங்கேயே இருந்தார்.

பெரியவர்களைச் சுற்றி இளைஞர்கள் வந்தார்கள். எல்லாம் சில வருடத் தங்கல்தான். எடின்பரோவில் டாக்டர் பட்டம் முடித்த பெங் ஹுவான்வு என்ற சீன இளைஞர் 1941ல் வந்தார். பிறகு சொந்த நாடு திரும்பி, சீன இயற்பியலின் தூண்களில் ஒருவரானார்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனல்லவா, இன்னொரு பெயரில் என் கண் நின்றது. செசில் மொரெத். 1944 ஜூன் 6 அன்று கான் நகரில் விழுந்த குண்டுகளில் தாய், தங்கை, பாட்டி மூவரையும் இழந்தவர். அன்று பாரிஸில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்ததால் இவர் பிழைத்தார். 1946ல் டப்ளின் போனார். அங்கே ஒரு வருடம், பிறகு கோபன்ஹேகன், பிறகு பிரின்ஸ்டன். எதுவும் நிரந்தரமில்லை. ஆனால் 1951ல், முப்பது வயதுகூட ஆகாத அந்தப் பெண், ஆல்ப்ஸ் மலையில் லெ ஊஷ் என்ற ஊரில் இயற்பியலுக்கு ஒரு கோடைக்காலப் பள்ளி தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது.

குடும்பத்தைப் பறிகொடுத்த பெண்ணுக்கு அந்த ஒரு வருடம் எவ்வளவு பெரிய ஆதரவாக இருந்திருக்கும்! சர்வீஸ் புக்கில் எழுதினால் அரை வரிகூட வராது.

அதற்காகத் தற்காலிக வேலையைப் புகழ்ந்துகொண்டே இருக்க முடியுமா? வாடகை கட்டுகிறவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். அயர்லாந்தே 2003ல் ஒரு சட்டம் போட்டது. ஒரே இடத்தில் ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தமாக மொத்தம் நான்கு வருடத்தைத் தாண்டினால், தக்க காரணம் காட்டாதவரை அந்த வேலையைக் காலவரையற்றதாகக் கருத வேண்டும். குமாஸ்தாவான எனக்கு அதைப் படித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது.

நேற்று நானே அவளுக்குப் போன் செய்தேன். "யாருகிட்டம்மா வேலை செய்யப்போறே? என்ன ஆராய்ச்சி?" என்றேன். முக்கால் மணி நேரம் பேசினாள். பாதி புரியவில்லை, ஆனால் குரலில் பழைய உற்சாகம் திரும்பியிருந்தது.

வைக்கும்போது மட்டும் என் புத்தி போகவில்லை. "ஒப்பந்தம் முடியற தேதியை ஒரு நோட்டுல குறிச்சு வைம்மா" என்றேன்.

சிரித்தாள்.