கலத்துக்குள் ஒரு கூடை

எங்கள் உடம்பின் கலங்கள் வெளியிலுள்ள சத்துகளை எப்படி உள்ளே எடுக்கின்றன? இந்தக் கதையில் யேர்மனிக்கும் ஒரு பங்குண்டு.

1964 இல் அமெரிக்காவில் றோத், போர்ட்டர் என்ற இருவர் நுளம்பின் முட்டைக்கலத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார்கள். கலமென்சவ்வு குழிந்து, மஞ்சட்கருப் புரதத்தை அள்ளிச் சிறு பையாகப் பிரிந்தது. பையைச் சுற்றி ஒரு போர்வையும் இருந்தது. 1975-76 இல் கேம்பிரிட்ஜில் பாபரா பியர்ஸ் பன்றி மூளையிலிருந்து அந்தப் போர்வைப் புரதத்தைப் பிரித்தெடுத்தார். அதுதான் கிளத்திரின். 1981 இல் ஏர்ன்ஸ்ட் உங்கவிக்கெலும் டானியல் பிரான்டனும் அது மூன்று காலுள்ள உருவம் என்று காட்டினார்கள். கால்கள் பின்னிக் கூடையாகும்போது சவ்வும் வளைந்து பையாகிறது.

ஆனால் கூடை கழன்றால்தான் பை தன் வேலைக்குப் போகலாம். 1990 இல் மியூனிச்சுக்கு அருகே மார்ட்டின்ஸ்றீட்டில், மக்ஸ் பிளாங்க் உயிரிரசாயன நிறுவகத்தில், சில்வியா ஆலேயும் உங்கவிக்கெலும் மாட்டு மூளையில் ஒக்சிலின் என்ற புரதத்தைக் கண்டார்கள். அது கூடை பின்ன உதவுவதாகவே முதலில் தெரிந்தது. 1995 இல் உங்கவிக்கெலும் அமெரிக்க ஆய்வாளர்களும் அதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள்: இன்னொரு புரதத்தை அழைத்துவந்து கூடையைப் பிரிப்பதும் அதுவே. பிரிந்த துண்டுகள் அடுத்த கூடைக்கு உதவும்.

நரம்புக் கலங்களில் இது ஓயாமல் நடக்கிறது. ஒக்சிலின் மரபணுவிலுள்ள பழுது சிறுவயதிலேயே பார்க்கின்சன் நோயைத் தரலாம் என்று 2012 இல் தெரியவந்தது. கணக்காளனான எனக்கு இது நன்றாக விளங்குகிறது: வரவை மட்டும் எழுதிக் கணக்கை முடிக்க முடியாது.