ஓசூரில் ஏழு மணி என்றால் தம்மாமில் எத்தனை மணி? – நாடுகளுக்கிடையே நேரம் கணக்கிடும் முறை

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஒரே குடும்பம் மூன்று நான்கு கடிகாரங்களைப் பார்த்து வாழ்வது இன்று வழக்கமாகிவிட்டது. அண்ணன் சிப்காட் தொழிற்சாலையில் ஷிஃப்டில் இருப்பார். தம்பி தம்மாமில், மச்சான் சிங்கப்பூரில், மகள் லண்டனில். "ஒன்பது மணிக்குப் பேசலாம்" என்று ஒருவர் செய்தி அனுப்பினால் எந்த ஊர் ஒன்பது மணி என்பதே முதல் கேள்வி. ஆன்லைன் நேர்காணலோ, நிகாஹ் பேச்சோ, விமானப் பயணமோ இந்தக் குழப்பத்தால் கைதவறிப் போகலாம். கணக்கு எளிமையானது, ஒருமுறை புரிந்துகொண்டால் போதும்.

அடிப்படை என்ன?

பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். இங்கிலாந்தின் கிரீன்விச் வழியாகச் செல்லும் தீர்க்கக்கோடு பூஜ்யம். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 82.5ஐ 15ஆல் வகுத்தால் ஐந்தரை. எனவேதான் நாம் உலகப் பொது நேரத்தைவிட (யுடிசி) 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறோம். இந்த நேரம் 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சென்னை வானாய்வகத்தை ஒட்டிய 'மெட்ராஸ் நேரம்' ரயில்வேயில் பயன்பட்டது. அது இன்றைய இந்திய நேரத்தைவிட ஏறக்குறைய 9 நிமிடம் பின்தங்கியது.

ஆண்டு முழுவதும் மாறாத நாடுகள்

கீழ்க்கண்ட நாடுகளுக்கு ஒரே கணக்குதான். கோடை, குளிர்காலம் என்ற வேறுபாடு இல்லை.

• சஊதி அரேபியா, குவைத், கத்தார், பஹ்ரைன்: இந்திய நேரத்திலிருந்து 2 மணி 30 நிமிடம் கழிக்கவும்.
• ஐக்கிய அரபு அமீரகம், ஓமன்: 1 மணி 30 நிமிடம் கழிக்கவும்.
• மாலத்தீவு: 30 நிமிடம் கழிக்கவும்.
• இலங்கை: 2006 ஏப்ரல் முதல் நம் நேரமே.
• மலேசியா, சிங்கப்பூர், புருனை: 2 மணி 30 நிமிடம் கூட்டவும்.
• ஜப்பான்: 3 மணி 30 நிமிடம் கூட்டவும்.

உதாரணமாக, ஓசூரில் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து இரவு 11 மணிக்கு ஒருவர் வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது துபாயில் இரவு 9:30, ரியாத்தில் இரவு 8:30. இரு இடங்களிலும் உறவினர்கள் விழித்திருப்பார்கள். கோலாலம்பூரிலோ மறுநாள் அதிகாலை 1:30. அங்கே தேதியே மாறிவிட்டது. எனவே மணியைக் கணக்கிட்டவுடன் தேதியையும் பார்க்க வேண்டும்.

ஆண்டுக்கு இருமுறை மாறும் நாடுகள்

ஐரோப்பா, அமெரிக்கா, கனடா நாடுகளின் பெரும்பாலான பகுதிகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள்.

• லண்டன்: குளிர்காலத்தில் 5 மணி 30 நிமிடம், கோடையில் 4 மணி 30 நிமிடம் கழிக்கவும்.
• ஜெர்மனி, பிரான்ஸ்: குளிர்காலத்தில் 4 மணி 30 நிமிடம், கோடையில் 3 மணி 30 நிமிடம் கழிக்கவும்.
• நியூயார்க், டொரான்டோ: குளிர்காலத்தில் 10 மணி 30 நிமிடம், கோடையில் 9 மணி 30 நிமிடம் கழிக்கவும்.
• சிட்னி, மெல்பர்ன்: 4 மணி 30 நிமிடம் கூட்டவும், அவர்களின் கோடையில் 5 மணி 30 நிமிடம். அங்கே கோடை நேரம் அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை.

பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு ஆகிய நாட்களில் மாற்றுகின்றன. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இடைப்பட்ட வாரங்களில் அமெரிக்கா மாறியிருக்கும், லண்டன் மாறியிருக்காது. அல்லது லண்டன் மாறியிருக்கும், அமெரிக்கா மாறியிருக்காது. மார்ச்சிலும் அக்டோபர் இறுதியிலும் நேர்காணல் வந்தால் பழைய கணக்கை நம்பாமல் அன்றைய நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அழைப்புக் கடிதத்தில் 'ஐஎஸ்டி' என்று மட்டும் இருந்தால் எந்த நாட்டு நேரம் என்று கேட்டுவிடுவது நல்லது. அதே மூன்றெழுத்தை அயர்லாந்தும் பயன்படுத்துகிறது.

குடும்பப் பேச்சுக்கு எந்த நேரம்?

நிகாஹ் பேச்சுக்கு ஓசூர், தம்மாம், சிங்கப்பூர், லண்டன் ஆகிய நான்கு இடத்தவரும் ஒன்றாகப் பேச வேண்டும் என்போம். நமக்கு ஞாயிறு விடுமுறை. சஊதியில் அது வேலை நாள். 2013 முதல் அங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறை. அமீரக அரசு அலுவலகங்களுக்கு 2022 முதல் வெள்ளி பிற்பகல், சனி, ஞாயிறு விடுமுறை. ஆகவே சனிக்கிழமையே பலருக்கும் பொருந்தும். ஓசூரில் சனி மாலை 7 மணி என்றால் தம்மாமில் மாலை 4:30, சிங்கப்பூரில் இரவு 9:30, லண்டனில் குளிர்காலமானால் பகல் 1:30, கோடையானால் 2:30. யாருடைய தூக்கமும் கெடாது.

"வெள்ளி இரவு" என்ற சொல்லிலும் கவனம் தேவை. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது வியாழன் மஃரிபிலிருந்து தொடங்கும் இரவு. அலுவலகத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது வெள்ளிக்கிழமை முடியும் இரவு. முழுதாக ஒரு நாள் தவறிவிடும். பிறை பார்ப்பதிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு வருவதால், அழைப்புக்கு ஹிஜ்ரி தேதியோடு ஆங்கிலத் தேதியையும் குறிப்பிடுங்கள்.

"மஃரிபுக்குப் பிறகு பேசுகிறேன்" என்பதும் அப்படித்தான். ஜூன் மாதத்தில் துபாயின் மஃரிப், ஓசூர் மஃரிபுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து வரும். டிசம்பரிலோ இந்த இடைவெளி ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல்.

ஒரே கடிகாரம், வெவ்வேறு சூரியன்

நாடு முழுவதற்கும் ஒரே கடிகார நேரம் இருந்தாலும் சூரியன் ஊருக்கு ஊர் வேறு நேரத்தில்தான் உதித்து மறைகிறது. சென்னை ஏறக்குறைய 80.3 பாகையிலும் ஓசூர் 77.8 பாகையிலும் உள்ளன. இடைவெளி இரண்டரைப் பாகை. பாகைக்கு 4 நிமிடம் என்றால் சுமார் 10 நிமிடம். தொலைக்காட்சியில் ஒலிக்கும் சென்னை பாங்கைக் கேட்டு ஓசூரில் நோன்பு திறந்தால், இங்கே சூரியன் மறையும் முன்பே திறந்ததாகிவிடும். அதேபோல் சென்னை ஃபஜ்ர் நேரத்தில் இங்கே தொழுதால் நேரம் நுழையும் முன் தொழுததாகும். ஆனால் எல்லை தாண்டி உள்ள பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேறுபாடு ஒரு நிமிடம் அளவுதான். மாநிலம் வேறானாலும் சூரியக் கணக்கில் ஓசூருக்கு நெருக்கம் பெங்களூரே. எனினும் உள்ளூர்ப் பள்ளிவாசலின் நேர அட்டவணையைப் பின்பற்றுவதே பாதுகாப்பு.

விமானச் சீட்டைப் படிக்கும்போது

சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். பெங்களூரில் அதிகாலை 4:00, துபாயில் காலை 6:30 என்றிருந்தால் பயணம் இரண்டரை மணி நேரமன்று. ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டி நான்கு மணி நேரம்.

நள்ளிரவு விமானங்களில்தான் பெரும் இழப்பு நேர்கிறது. '15ஆம் தேதி 00:45' என்றால் 14ஆம் தேதி இரவு பன்னிரண்டைத் தாண்டி முக்கால் மணி. மூன்று மணி நேரம் முன்னதாக, 14ஆம் தேதி இரவு 9:45க்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஓசூரிலிருந்து தேவனஹள்ளிக்கு பெங்களூர் நகரின் நெரிசலைத் தாண்டிச் செல்ல வேண்டியிருப்பதால், 14ஆம் தேதி மாலையே வீட்டிலிருந்து கிளம்புங்கள். 15ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் முந்தைய இரவே போயிருக்கும்.

செய்தி அனுப்பும் முறை

கிழமை, தேதி, மணி, ஊர் நான்கும் செய்தியில் இருக்கட்டும். "நவம்பர் 14, சனி, இந்திய நேரம் மாலை 7:00 (தம்மாம் மாலை 4:30)" என்று எழுதினால் போதும். காலை, மாலை என்பதை விடாமல் குறிப்பிடுங்கள். கைப்பேசிக் கடிகாரத்தில் உள்ள 'உலகக் கடிகாரம்' பகுதியில் உறவினர்களின் ஊர்களைச் சேர்த்து வைத்தால் கோடை மாற்றத்தையும் அதுவே காட்டும். அந்தச் செயலியைக் கையாளத் தெரியாத பெரியவர்களுக்கு, மேலே உள்ள பட்டியலில் தங்கள் பிள்ளைகள் இருக்கும் நாட்டின் வரியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவர்க் கடிகாரத்தின் கீழே ஒட்டிக் கொடுங்கள்.